வளரும் தொலைதூர ஊர்களில் முதலில் வரைய வேண்டியது நீர்வழி

பெருநகரங்களுக்கு வெகு தொலைவிலுள்ள ஊர் வளரத் தொடங்கும்போது சாலைகளும் மனைகளும் முதலில் அளக்கப்படுகின்றன. குடிநீரையும் கழிவுநீரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். கனமழை ஓய்ந்ததும் வரைபடத்துடன் ஊரைச் சுற்றி வந்து, நீர் எவ்வழியே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, வடிய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தத் தடங்களை மனைகளாக்காமல் ஓடையாகவும் திடலாகவும் விட்டுவைக்க வேண்டும். வறண்டு கிடக்கும் ஓடையில் கட்டினால் என்ன என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. அவர்களுக்கு இந்த வரைபடமே பதில்.

அடுத்து மனையின் அளவு. கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 30 மீட்டர் இடைவெளியும், குழியின் அடிமட்டத்திலிருந்து நிலத்தடி நீர்மட்டம் வரை 1.5 மீட்டரும் இருப்பது பொதுவான அளவுகோல். நீர்மட்டத்தை மழைக்காலத்தில்தான் அளக்க வேண்டும். பிளவுபட்ட பாறை நிலத்தில் 30 மீட்டரும் போதாது. பத்து மீட்டர் அகல மனையில் அண்டை வீட்டுக் குழியையும் கணக்கில் எடுத்தால் இந்த இடைவெளி கிடைக்கவே கிடைக்காது. ஆகவே சிறு மனைகளை அனுமதிக்கும் முன்பே குழாய்க் குடிநீருக்கோ பொதுக் கழிவுநீர் அமைப்புக்கோ வழிசெய்ய வேண்டும்.

விட்டுவிட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில் இரண்டு கேடுகள் சேர்ந்தே வரும். அழுத்தம் குறைந்த குழாய், விரிசல்கள் வழியே சுற்றியுள்ள சாக்கடை நீரை உள்ளிழுக்கும். வீடுகளில் சேமித்துவைக்கும் தொட்டிகளில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அந்த முட்டைகள் உலர்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், வாரந்தோறும் தொட்டியைக் காலிசெய்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி இறுக மூட வேண்டும். புதிய நீராதாரம் தேடும் முன் கசிவுகளை அடைப்பதே சிக்கனமானது என்பது என் கருத்து.

கிருமிகளைக் கொல்லக் குடிநீரில் சேர்க்கும் குளோரினை மேல்நிலைத் தொட்டியருகே அல்ல, கடைக்கோடிக் குழாயில் சோதியுங்கள். அந்த நீரில் குளோரின் சோதனை மாத்திரையைக் கரைத்ததும் தோன்றும் இளஞ்சிவப்பை வண்ண அட்டையோடு ஒப்பிட்டால், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். நிறமே வராவிட்டால் அளவைக் கூட்டுவதோடு நிற்காமல் வழியில் உடைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். குளோரினுக்காகச் சேர்க்கும் பிளீச்சிங் பவுடர் வெப்பத்திலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும். சரக்கு எப்போதாவது வரும் ஊரில் அதைக் காற்றுப்புகாமல் நிழலில் வைத்து, பழையதை முதலில் பயன்படுத்த வேண்டும். பம்பு வாங்கும்போதும் உள்ளூர் மெக்கானிக் பிரித்துச் சரிசெய்யக்கூடியதையே, உதிரிபாகங்களோடு சேர்த்து வாங்குங்கள்.