போர்ச் சாவு எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

ஒரு போரில் இத்தனை பேர் இறந்தார்கள் என்று படித்தால், முதலில் யாரையெல்லாம் எண்ணியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எண்ணிக்கை அப்புறம். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவுத் திட்டம், ஆண்டுக்குக் குறைந்தது 25 பேராவது சண்டையில் இறந்தால்தான் அதை மோதலாகவே கணக்கில் எடுக்கும், 1,000 ஆனால்தான் போர் என்று சொல்லும்.

அடுத்தது, எப்படி எண்ணினார்கள் என்பது. ஈராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2003 படையெடுப்புக்குப் பின், போர் இல்லாதிருந்தால் இறந்திருக்கக்கூடியவர்களைவிடச் சுமார் 6,55,000 பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று 2006-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது, ஏறக்குறைய அதே காலத்துக்கு ஈராக் அரசும் உலக சுகாதார நிறுவனமும் நடத்திய ஆய்வோ வன்முறையில் இறந்தவர்கள் 1,51,000 என்றது. முன்னதில் எல்லாக் காரணங்களும் அடக்கம்தான், ஆனால் அதிலும் வன்முறைச் சாவு மட்டுமே சுமார் 6,01,000, அதனால் வரையறையை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. முன்னது சுமார் 1,850 வீடுகளில் கேட்டது, பின்னது 9,000-க்கும் மேல். எனவே மாதிரி அளவையும், பிழை வரம்பையும் தேடிப் படியுங்கள், லான்செட் ஆய்வின் வரம்பே ஏறத்தாழ 3,93,000 முதல் 9,43,000 வரை போகிறது.

மறைமுகச் சாவுகளை விட்டுவிடாதீர்கள். குண்டில் தப்பிய குழந்தை, மருத்துவமனை இடிந்ததால் காய்ச்சலில் இறக்கிறது. அரசியல் அறிஞர் நெட்டா கிராஃபோர்டும் மானிடவியலாளர் கேத்தரின் லுட்ஸும் பிரௌன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போர்ச் செலவு ஆய்வுத் திட்டம், 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் ஆப்கானிஸ்தான், ஈராக் போன்ற போர்க்களங்களில் மொத்தம் 45 லட்சம் பேராவது இறந்திருக்கலாம் என்று 2023-இல் மதிப்பிட்டது. ஒரு நேரடிச் சாவுக்கு நான்கு மறைமுகச் சாவு என்று பெருக்கி வந்த தொகை அது. அந்த விகிதத்தையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.