மாநில ப்ராஜெக்ட்டா? முதலில் மளிகைக் கடைக்குப் போங்கள்

நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு சிக்கிம் பற்றி ப்ராஜெக்ட் வந்திருக்கிறதா? தலைநகரம் கேங்டாக், 1975-ல் இந்தியாவின் 22-வது மாநிலம் ஆனது, மாநில விலங்கு சிவப்புப் பாண்டா... இதெல்லாம் சார்ட்டின் ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

நடுவில் பெரிய கருப்பு ஏலக்காயை ஒட்டுங்கள். பிரியாணிக்குப் போடுவார்களே, அதேதான். அங்கே முக்கியமான பணப்பயிர். 10 கிராம் வாங்கினால் தாராளம். பிள்ளையை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். புகை வாசனை அடிக்கும். ஏன்? விறகுத் தீயின் மேல் பரப்பிக் காயவைப்பதால். நிழலும் ஈரமுமான மலைச்சரிவில் விளைவது. அடுத்த கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். பதிலைத் தப்பும் தவறுமாக இருந்தாலும் அதன் கையெழுத்திலேயே எழுதவிடுங்கள், தயவுசெய்து நீங்கள் எழுதித் தராதீர்கள்.