மின்நுகர்விலிருந்து இரகசியச் சாவியைக் கண்டறியும் ஆய்வை எவ்வாறு தொடங்குவது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ வீட்டு மேசையிலோ வன்பொருள் பாதுகாப்பு ஆய்வைத் தொடங்குபவர்கள், தமக்குச் சொந்தமான நுண்கட்டுப்படுத்தி (சிறு கணினிச் சிப்பு) ஒன்றையே முதலில் சோதிக்க வேண்டும். அதில் 128 பிட் ஏ.ஈ.எஸ். (AES, இரகசியச் சாவியால் தரவை மறைக்கும் முறை) மறைகுறியாக்க நிரலை ஏற்றி, சாவியை நீங்களே தெரிவுசெய்யுங்கள்; விடை முன்னரே தெரிந்திருந்தால்தான் அளவீட்டின் தரத்தை மதிப்பிட முடியும்.

சிப்புக்கான மின்வழங்கல் பாதையில் சில ஓம் பெறுமதியுள்ள தடையியைத் தொடராக இணைத்து, அதன் குறுக்கே தோன்றும் அழுத்த வேறுபாட்டை, ஒவ்வொரு மறைகுறியாக்கத்தின்போதும் புதிய எழுமாற்றுத் தரவைக் கொடுத்து, அலைவுகாட்டியால் பதியுங்கள். இரைச்சலைக் குறைக்க மின்கலத்தால் இயக்குவது நல்லது. பதிவுகள் ஒரே கணத்தில் தொடங்காவிட்டால் பின்னர் செய்யும் கணிப்பு பெரிதும் பாதிக்கப்படும் என்பதால், பதிவைத் தொடக்கிவைக்கும் தூண்டல் சைகைக்கு மிகுந்த கவனம் கொடுங்கள்.

மறைகுறியியல் ஆய்வாளர் போல் கொச்சரும் சகாக்களும் 1999இல் வெளியிட்ட வேறுபாட்டு மின்நுகர்வுப் பகுப்பாய்வே இதன் அடிப்படை; கையாளும் தரவுக்கேற்பச் சிப்பின் மின்நுகர்வு சற்று மாறுவதையே அது பயன்படுத்துகிறது. சாவியின் 16 பைட்டுகளையும் தனித்தனியே ஆராயலாம். ஒவ்வொன்றுக்கும் 256 ஊகங்களே உள்ளதால் மொத்தம் 4096 ஊகங்கள் போதும். ஒவ்வொரு ஊகத்துக்கும், மறைகுறியாக்கத்தின் முதற்சுற்றில் பதிலீட்டு அட்டவணை (ஒரு பைட்டை வேறொன்றாக மாற்றும் படி) தரும் வெளியீட்டிலுள்ள 1 என்ற பிட்டுகளின் எண்ணிக்கையைக் கணித்து, பதிவுகளுடன் மிக வலுவாக ஒத்துப்போகும் ஊகத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

அடுத்து, இடைநிலைப் பெறுமானங்களை எழுமாற்று எண்களால் மறைக்கும் தற்காப்பைச் சேர்த்து, அதே அளவீட்டை மீளச் செய்யுங்கள். விற்பனையிலுள்ள சாதனமொன்றில் குறைபாட்டைக் கண்டால், கட்டுரை எழுதுமுன் உற்பத்தியாளருக்கு அறிவியுங்கள்.