குரூப்பைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதைத் திருத்தலாம்

படம் வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் குரூப் செய்த (பல உருவங்களை ஒன்றாகச் சேர்த்த) படத்தில் ஓர் உருவத்தை மட்டும் மாற்ற, அன்குரூப் செய்ய, அதாவது பிரிக்க, வேண்டியதில்லை. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு அந்த உருவத்தின் மேல் கிளிக் செய்தால் போதும், அது மட்டும் தேர்வாகும். கோரல்டிரா என்ற இன்னொரு வரைமென்பொருளிலும் இதே கீதான்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் நீலகிரித் தைல பாட்டிலுக்கு லேபிள் போடுகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும். இலைக் கொத்து, கடைப்பெயர், '50 மில்லி' எல்லாம் ஒரே குரூப்பில் இருக்கும். சீசன் நேரத்தில் 50-ஐ 100 ஆக்க வேண்டும், ஓர் இலையைச் சற்றே தள்ளிவைக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்காகப் பிரித்தால், திரும்பச் சேர்க்கும்போது ஏதாவது ஒரு துண்டு விட்டுப்போகும். பிறகு லேபிளை நகர்த்தினால் அந்த இலை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். எது மேலே, எது கீழே என்ற அடுக்கு வரிசையும் கலையலாம். ஏனென்றால் குரூப் செய்ததும் எல்லாத் துண்டுகளும் மேலே இருக்கும் துண்டின் மட்டத்துக்கு வந்துவிடும், அன்குரூப் செய்தாலும் பழைய இடத்துக்குப் போகாது. பிரிக்காவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

இரண்டு மூன்று துண்டுகளை மாற்றவேண்டுமென்றால் குரூப்பை டபுள் கிளிக் செய்து உள்ளே போவதே வசதி.

ஒரு தாளில் ஒரே லேபிளைக் குளோனாக (மூலப்படத்தோடு இணைந்தே இருக்கும் நகலாக) பரப்பியிருந்தால் இது வேலை செய்யாது. குளோனுக்குள் எதையும் தொட முடியாது. ஷிஃப்ட், டி அழுத்தி மூலப்படத்துக்குப் போய் மாற்ற வேண்டும். அங்கே மாற்றினால் எல்லா லேபிளும் மாறிவிடும், கவனம்.