டிபார்ட்மென்ட் வெப்சைட் பொறுப்பு உங்க தலையில விழுந்துச்சா? இதைப் படிச்சுட்டு லாகின் பண்ணுங்க

யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளா புதுசா சேர்ந்தீங்கன்னா, டைம்டேபிள் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே "சார், நம்ம வெப்சைட்ட நீங்களே பாத்துக்கோங்களேன்"னு ஹெச்ஓடி ரூம்லேர்ந்து குரல் வந்துடும். கெமிஸ்ட்ரி ஆளா இருந்தாலும் வயசு கம்மின்னா வரும். இந்தப் போஸ்ட் அப்படி மாட்டினவங்களுக்கு. நம்ம ஊர் ஸ்டேட் யுனிவர்சிட்டி, வேர்ட்பிரஸ்ங்கற சாஃப்ட்வேர்ல ஓடுற சைட், இதை மனசுல வச்சுதான் எழுதறேன். லாகின் பண்றது, படம் ஏத்தறதுக்கெல்லாம் யூடியூப்ல வீடியோ கொட்டிக்கிடக்கு, அதை விட்டுடறேன்.

ஸ்டெப் 1: சைட் யார் கையில இருக்குன்னு பாருங்க

ஏசி டாட் இன் (ac.in) டொமைன், அதாவது சைட்டோட முகவரி, குடுக்கறது எர்நெட் இந்தியாங்கற அரசு அமைப்பு. அந்த மெயின் டொமைனும் அதுக்குக் கீழ வர்ற சப்டொமைனும் உங்க கம்ப்யூட்டர் சென்டர் கையில இருக்கும். அங்க போய் மூணு விஷயம் கேளுங்க: அட்மின் அக்கவுன்ட் எந்த மெயில் ஐடில இருக்கு, பேக்கப் யார் எடுக்கறாங்க, ரினியூவல் எப்போ. அட்மின் மெயில் யாரோ ஒருத்தரோட சொந்த ஜிமெயிலா இருந்தா அன்னைக்கே யுனிவர்சிட்டி மெயிலுக்கு மாத்துங்க. சொந்த ஜிமெயில்ல கூகிள் சைட்ஸ் போட்டு டிபார்ட்மென்ட் பேஜ் நடத்தற இடங்கள் இன்னும் இருக்கு, அந்த கெஸ்ட் லெக்சரர் வேற வேலைக்குப் போனா பேஜும் அவர்கூடவே போயிடும்.

ஸ்டெப் 2: அப்ரூவல் எழுத்துல வேணும்

வாய்ல சொன்னா எதையும் ஏத்தாதீங்க. செமினார் போட்டோ மாதிரி விஷயத்துக்கு ஹெச்ஓடி மெயில் போதும். அட்மிஷன், ஃபீஸ், ரெக்ரூட்மென்ட், டெண்டர் எல்லாம் ரெஜிஸ்ட்ரார் ஆஃபிஸ் வழியாவும், எக்ஸாம் சம்பந்தப்பட்டது கண்ட்ரோலர் ஆஃபிஸ் வழியாவும்தான் வரணும். வாட்ஸப்ல ஃபார்வர்ட் ஆகி வர்ற சர்குலர ஏத்தவே ஏத்தாதீங்க, அது ட்ராஃப்ட்டா ஃபைனலான்னு அனுப்பினவருக்கே தெரியாது. ஒரு எக்ஸல் ஷீட் வச்சுக்கோங்க: என்ன ஏத்தினது, யார் சொன்னாங்க, எந்தத் தேதி, எப்போ எடுக்கணும். அந்தக் கடைசி காலம் (column) ரொம்ப முக்கியம், இல்லன்னா மூணு வருஷத்துக்கு முந்தின அட்மிஷன் நோட்டிஃபிகேஷன் முகப்புல "நியூ"ன்னு மினுக்கிக்கிட்டே இருக்கும்.

அந்த மினுக்குற ஜிஃப்பையும் ஓடற எழுத்துப் பட்டையையும் (மார்க்கி) முதல்ல தூக்குங்க, இதுல நான் பேரம் பேச மாட்டேன். அசிங்கம்ங்கறதுக்காக மட்டும் சொல்லல. தானா ஓடற எழுத்து 5 செகண்டுக்கு மேல ஓடினா, படிக்கறவங்க அதை நிறுத்த வழி இருக்கணும்னு அக்சஸிபிலிட்டி விதியே இருக்கு.

ஸ்டெப் 3: கட்டாயம் இருக்க வேண்டியது

கீழ சொல்றதெல்லாம் மெயின் சைட்ல இருக்கான்னு பாத்து உங்க பேஜ்லேர்ந்து லிங்க் குடுத்தா போதும், திரும்ப டைப் பண்ணி வைக்காதீங்க, ரெண்டு இடத்துல ரெண்டு விதமா நிக்கும். ஆன்ட்டி ராகிங் கமிட்டியும் தேசிய ஹெல்ப்லைன் 1800-180-5522ம் இருக்கணும். பாலியல் தொந்தரவு புகாருக்கான இன்டர்னல் கமிட்டி, 2023 யுஜிசி விதிப்படி மாணவர் குறைதீர்ப்பு கமிட்டி, ஓம்பட்ஸ்பர்சன் (மாணவர் அப்பீலக் கேக்கறவர்) விவரம் இதெல்லாமும் வேணும். ஆர்டிஐ (தகவல் உரிமை) சட்டம் 2005, பிரிவு 4(1)(பி) கேக்கற 17 தலைப்பும் வேணும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்கணும்னும் சட்டத்துலயே இருக்கு. டிபார்ட்மென்ட்ல நிறைய பேர் கோட்டை விடறது பிஹெச்டி லிஸ்ட். பதிவு பண்ண ஸ்காலர் பேரு, தலைப்பு, கைடு பேரு, பதிவுத் தேதி எல்லாத்தையும் வருஷவாரியா வெப்சைட்ல வைக்கச் சொல்றது யுஜிசி.

ஸ்டெப் 4: குடுத்த லிங்க் செத்துப்போகக் கூடாது

இங்கதான் நான் சிக்கிச் சீரழிஞ்சேன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

எங்க சைட்ட ஒரு வெண்டர் புதுசா டிசைன் பண்ணிக் குடுத்தாங்க, பாக்க பளபளன்னு இருந்துச்சு, எல்லாரும் கைதட்டினாங்க, ஆனா பழைய பிடிஎஃப் எல்லாத்தையும் அழகா அடுக்கறோம்னு புது ஃபோல்டருக்கு மாத்திட்டாங்க, பழைய லிங்க் என்ன ஆகும்னு யாரும் கேக்கல. முந்தின வருஷங்கள்ல, கிரேடு குடுக்கற நாக் (NAAC) அமைப்புக்கு அனுப்பின ஏக்யூஏஆர்ல (வருஷாந்திர தர அறிக்கை) ஒவ்வொரு கேள்விக்கும் ஆதாரமா நாங்க குடுத்தது அந்த லிங்க்கைத்தான். டிவிவி (குடுத்த விவரத்த சரிபாக்கறது) கேள்வி வந்த நேரத்துல, எங்க ஐக்யூஏசி (தர உறுதிப் பிரிவு) மேடம் ஒவ்வொண்ணா கிளிக் பண்ணப் பண்ண 404, 404, 404, அதாவது "பேஜ் இல்ல". ஃபைல் சர்வர்லதான் இருக்கு, ஆனா அவங்க கிளிக் பண்ற இடத்துல இல்லையே.

ஒருதடவ வெளிய குடுத்த லிங்க் ரேஷன் கார்டுல இருக்கற வீட்டு அட்ரஸ் மாதிரி, வீட்ட மாத்தினா தபால் வர்றதுக்கு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் மாத்தணும். எப்படின்னா:

முதல்ல, சைட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி இப்போ இருக்கற எல்லா லிங்க்கையும் லிஸ்ட் எடுங்க. ஸ்க்ரீமிங் ஃப்ராக்னு ஒரு டூல் இருக்கு, ஃப்ரீ வெர்ஷன்ல 500 யூஆர்எல் வரைக்கும் எடுக்கும், ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு அது தாராளம். ஆனா அது பேஜுக்குப் பேஜ் லிங்க் புடிச்சுப் போய்த்தான் தேடும், எந்தப் பேஜ்லயும் லிங்க் இல்லாம தனியா கிடக்கற பிடிஎஃப் அதுக்குத் தெரியாது. அதனால பழைய ஏக்யூஏஆர், என்ஐஆர்எஃப் (தேசிய ரேங்கிங்) ஃபைல்களத் தெறந்து அதுல குடுத்த லிங்க்கையும் கையால சேருங்க. சலிப்பான வேலைதான், ஒரு ஸ்காலரக் கூட உக்கார வச்சுக்கோங்க, டீ வாங்கிக் குடுங்க.

அடுத்து "ரீடைரக்ஷன்"ங்கற பிளகின் (வேர்ட்பிரஸ்ல சேக்கற துணை சாஃப்ட்வேர்) போட்டு, பழைய லிங்க் இடது பக்கம், புது லிங்க் வலது பக்கம் குடுத்து 301 வைங்க, நிரந்தரமா மாறிடுச்சுன்னு அர்த்தம். 302 வேண்டாம், அது தற்காலிகம்னு அர்த்தம். இங்க ஒரு பொடி விஷயம்: வேர்ட்பிரஸ்ல போஸ்ட்டோட ஸ்லக்க (லிங்க் கடைசில வர்ற பேரு) மாத்தினா பழைய லிங்க்க அதுவே புதுசுக்குத் திருப்பிவிடும், ஆனா பேஜுக்கு அப்படி ஞாபகம் வச்சுக்காது. சில சமயம் பேரு கிட்டத்தட்ட ஒத்துப்போனா அதுவா யூகிச்சு எங்கயாவது கொண்டுபோய் விடும், சரியா போகுதுன்னு நம்பி உக்காந்துடாதீங்க. டிபார்ட்மென்ட் விவரம் முக்கால்வாசி பேஜாதான் இருக்கும், அதனால கையாலதான் போடணும்.

அப்புறம் ஃபைல மாத்தறது. சிலபஸ்ல ஒரு தப்பு, திருத்தின பிடிஎஃப் வந்திருக்குன்னு வைங்க. மீடியா லைப்ரரில அதே பேர்ல திரும்ப ஏத்தினா வேர்ட்பிரஸ் பழசு மேல எழுதாது, அதே மாசம்னா பேருக்குப் பின்னாடி -1 சேத்து இன்னொரு ஃபைலா வைக்கும். பழசு போன மாசம் ஏத்தினதுன்னா அது போன மாச ஃபோல்டர்லயே இருக்கும், புதுசு இந்த மாச ஃபோல்டருக்குப் போகும். இப்போ ரெண்டு சிலபஸ் ஆச்சு, கூகிள்ல வர்றது பழசு. "எனேபிள் மீடியா ரீப்ளேஸ்" பிளகின் போட்டு, பழைய ஃபைல் மேலயே புதுச மாத்துங்க, பேரு அப்படியே இருக்கட்டும். திருத்தின தேதிய பிடிஎஃப் உள்ளயும் பேஜ்லயும் எழுதிடுங்க.

ஃபைல் பேரு பத்தி ஒரே வார்த்தை: சின்ன ஆங்கில எழுத்து, நடுவுல ஹைஃபன், வருஷம், அவ்ளோதான். தமிழ்ல பேரு வச்சா லிங்க்க காப்பி பண்ணும்போது சதவீதக் குறியா நீண்டுபோய் வாட்ஸப்ல பாதில உடையும். "ஃபைனல்", "நியூ ஃபைனல்"னு எல்லாம் வைக்காதீங்க, தயவுசெஞ்சு.

ஸ்டெப் 5: தமிழ் எழுத்து

ஆஃபிஸ்ல டைப் பண்றவங்க பாமினி, வானவில் மாதிரி யுனிகோடு இல்லாத பழைய ஃபான்ட்ல அடிச்சுக் குடுப்பாங்க. அதைக் காப்பி பண்ணி ஒட்டினா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து குப்பையா வரும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் படமா போட்டு சமாளிக்காதீங்க, தேடினா கிடைக்காது, பார்வையில்லாத மாணவரோட ஸ்க்ரீன் ரீடருக்கும் அது ஒண்ணுமில்லாத படம்தான். என்ஹெச்எம் கன்வெர்ட்டர்ல போட்டு யுனிகோடா (எல்லா கருவிலயும் தெரியற பொது எழுத்துமுறை) மாத்துங்க, எனக்கு இன்னைக்கு வரைக்கும் அதுதான் புடிச்சது. மாத்தினப்புறம் ஒருதடவ வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க, கொம்பும் ஒற்றும் அங்கங்க இடம் மாறியிருக்கும்.

ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பும் இதே கதைதான். 2023ல வந்த ஜிஐஜிடபிள்யூ 3.0ங்கற அரசு வெப்சைட் வழிகாட்டி, அரசு சைட் எல்லாம் டபிள்யூசிஏஜி 2.1ங்கற உலக அக்சஸிபிலிட்டி விதில டபுள் ஏ அளவுக்கு இருக்கணும்ங்குது. கையெழுத்து போட்ட பிரதி கட்டாயம் வேணும்னா அதையும் வைங்க, கூடவே அதே விஷயத்த பேஜ்ல எழுத்தாவும் போட்டுடுங்க.

ஸ்டெப் 6: மாணவர் விவரம்

ஸ்காலர்ஷிப் லிஸ்ட்னு எக்ஸல் வரும். அதுல சாதி, போன் நம்பர், பேங்க் அக்கவுன்ட், ஆதார் எல்லாம் இருக்கும். ஆதார் நம்பர பொதுவுல போடக்கூடாதுன்னு ஆதார் சட்டம் பிரிவு 29லயே இருக்கு. அந்தக் காலத்த (column) மறைச்சுட்டு எக்ஸல அப்படியே ஏத்தினா, எறக்கறவங்க வலது கிளிக் பண்ணி "அன்ஹைட்" குடுத்தா எல்லாம் வந்துடும். பிடிஎஃப்ல கறுப்புப் பெட்டி வரைஞ்சு மறைச்சாலும் அடியில எழுத்து இருக்கும், இழுத்து செலக்ட் பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க, நம்பர் அப்படியே விழும். அந்தக் காலத்த அழிச்சுட்டு, ரெஜிஸ்டர் நம்பர மட்டும் வச்சுக்கிட்டு, புதுசா பிடிஎஃப் எடுங்க.

ஸ்டெப் 7: மாசம் ஒருதடவ

பிளகின் அப்டேட், பேக்கப், அப்புறம் கூகிள்ல "site:"னு கோலனோட போட்டு உங்க டொமைன் பேரக் குடுத்துத் தேடுங்க. ஏசி டாட் இன் சைட்டுன்னா கூகிள்ல மரியாதை உண்டு, அதுக்காகவே உள்ள புகுந்து சூதாட்டப் பேஜ் சொருகி வைப்பானுங்க, முகப்பு பாக்க நல்லாத்தான் இருக்கும். அப்படி ஏதாவது தெரிஞ்சா நீங்களா அழிக்க ஆரம்பிக்காம உடனே கம்ப்யூட்டர் சென்டருக்கு சொல்லுங்க. செர்ட்-இன்ங்கற மத்திய அரசு சைபர் பாதுகாப்பு அமைப்போட 2022 உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், நீங்க அழிச்சுட்டா தடயமும் போயிடும்.

அப்டேட்: கமென்ட்ல கேட்டிருந்தீங்க, "ஃபைல் மாத்தியாச்சு, ஆனா ஹெச்ஓடி மொபைல்ல பழசுதான் வருது". அது கேஷ் (சீக்கிரம் தெறக்க சேத்து வச்ச பழைய பிரதி). கேஷ் பிளகின் இருந்தா அதுல பர்ஜ் பண்ணுங்க, அதாவது அந்தப் பிரதிய அழிங்க, அப்புறம் இன்காக்னிட்டோல தெறந்து பாருங்க, அங்க புதுசு வந்தா உங்க வேலை முடிஞ்சுது, மிச்சம் அவர் போன் பிரச்சனை.

இன்னொரு அப்டேட்: சர்வர்ல இடம் இல்லன்னு கூகிள் டிரைவ்ல ஏத்தி லிங்க் குடுக்கலாமான்னு ஒரு மேடம் கேட்டாங்க. வேண்டாம். "ரிக்வெஸ்ட் அக்சஸ்"னு வந்து நிக்கும், உங்களுக்கு மட்டும் தெறக்கும் ஏன்னா நீங்க லாகின்ல இருக்கீங்க. கம்ப்யூட்டர் சென்டருக்கு மெயில் போட்டு இடம் கேளுங்க, அதுவரைக்கும் அந்த செமினார் போட்டோவ எல்லாம் கம்ப்ரஸ் பண்ணுங்க, ஒவ்வொண்ணும் 8 எம்பில கிடக்கும் பாருங்க.