பக்கத்து வீட்டுச் சத்தம்: முதலில் குறிப்பு நோட்டு, அப்புறம்தான் புகார்

“எப்பப் பாத்தாலும் சத்தம்” என்று எழுதிக் கொடுக்கும் புகார் எங்கேயும் நகராது. எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்த அறையில் கேட்டது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆகவே கதவைத் தட்டும் முன்பே இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறிப்பெடுங்கள்.

1. குறிப்பு

ஒரு பதிவு இப்படி இருக்கலாம்:

“4ஆம் தேதி, இரவு 11.20 முதல் 12.45 வரை. மேல்வீட்டிலிருந்து பாட்டு, பேஸ் அதிர்வு. ஜன்னலும் கதவும் மூடியிருந்தும் படுக்கையறையில் கேட்டது. குழந்தை இரண்டு முறை எழுந்தது.”

அவ்வளவு போதும். “வேண்டுமென்றே செய்கிறார்கள்” என்று சேர்த்தால் குறிப்பின் மதிப்பு குறைந்துவிடும். சத்தம் கேட்கும்போதே எழுதுங்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் நேரம் தப்பும். சத்தமில்லாத நாளையும் குறியுங்கள். நோட்டை நம்ப வைப்பதே அந்த நாட்கள்தான்.

2. எங்கிருந்து வருகிறது?

அடுக்குமாடியில் அதிர்வு கான்கிரீட் வழியாகப் பரவும். மேலே கேட்பது போலிருக்கும். உண்மையில் அது பக்கவாட்டு வீடாக இருக்கலாம். மாடிப்படிக்குப் போய் ஒவ்வொரு தளத்திலும் நின்று கேளுங்கள். தவறான வீட்டைக் குற்றம் சொல்லிவிட்டால், பிறகு சரியான புகாரையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

3. அளவு

போன் ஆப் தரும் டெசிபல் (ஒலியின் அளவு) தோராயமானது. உங்களுக்கு வழிகாட்ட அது போதும். தலையணை இருக்கும் இடத்தில் வைத்து, முதலில் அமைதியான நேரத்தில் அளந்து கொள்ளுங்கள், பிறகு சத்தத்தின்போது. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். படுக்கையறையில் இரவு சராசரி 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டுதல்.

இங்கே பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். ஆப்பில் வழக்கமாக வரும் ‘ஏ’ அளவுகோல் (dBA) ‘டும் டும்’ என்ற தாழ்ந்த பேஸ் ஒலியைக் குறைத்துக் காட்டும், அதனால் ஆப்பில் ‘சி’ அளவு (dBC) இருந்தால் அதையும் குறியுங்கள். அடுத்தது வீடியோ. போன் தானாகவே ஒலியை ஏற்றி இறக்குவதால், என்ன சத்தம், எப்போது என்பதற்குத்தான் அது சாட்சி. எவ்வளவு சத்தம் என்பதற்கு அல்ல.

4. பேச்சு

சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது போகாதீர்கள். மறுநாள் பகலில், தனியாகப் போங்கள். பெரும்பாலோருக்குத் தங்கள் சத்தம் எவ்வளவு தூரம் போகிறதென்றே தெரியாது. “சத்தத்தைக் குறையுங்கள்” என்பதை விட, செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: ஸ்பீக்கரைப் பொதுச்சுவரிலிருந்து நகர்த்தி அடியில் ரப்பர் வைப்பது, ஆடும் வாஷிங் மெஷினின் கால்களைச் சமப்படுத்துவது, நடக்கும் இடத்தில் தடித்த விரிப்புப் போடுவது. பேச்சு பலிக்கவில்லையென்றால் தேதியிட்ட கடிதம் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளருக்கும், சங்கம் இருந்தால் அதற்கும் எழுதுங்கள்.

5. சட்டம்

உங்கள் ஊரில் ‘இரவு’ எப்போது தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் அது இரவு 10 முதல் காலை 6 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. இங்கிலாந்தின் 1996 சட்டத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை.

அந்த நேரத்தில் நடக்கும் கூச்சலை உடனே நிறுத்தப் போலீஸ். தினசரித் தொல்லைக்கு உள்ளாட்சி அமைப்போ மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகமோ. சமரச மையம் இருந்தால் வழக்குக்கு முன் அங்கே போவது நல்லது. வழக்கு முடிந்த பிறகும் அதே சுவருக்கு இரு புறமும்தான் நீங்கள் குடியிருக்க வேண்டும். கடைசியாக, சிவில் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் இழப்பீடும் கேட்கலாம். சாதாரண மனிதர் ஒருவரால் தாங்கக்கூடியதா, எத்தனை முறை, எந்த நேரத்தில் என்பதையே அங்கே எடைபோடுவார்கள். குழந்தை அழுகை, நடை போன்ற அன்றாட ஒலிகள் பொதுவாக வழக்காகாது.

பதிலுக்குச் சுவரைத் தட்டுவதும் பாட்டை அலற விடுவதும் வேண்டவே வேண்டாம். எதிர்ப்புகார் அங்கேதான் பிறக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குள் கேமராவைத் திருப்பினால் நீங்களே குற்றவாளியாகலாம்.

புகார் கொடுத்ததும் அதன் எண்ணையும் வாங்கியவர் பதவியையும் அதே நோட்டில், அன்றைய பதிவுக்குக் கீழே எழுதுங்கள். சத்தம் நின்றாலும் ஒரு மாதம் குறிப்பை நிறுத்தாதீர்கள்.