வணிகக் கட்டட முதலீட்டு வேலைக்குத் தயாராவது: உங்கள் ஊர்க் கடைத்தெருவிலிருந்து தொடங்குங்கள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வங்கியிலும் கணக்காளர் அலுவலகத்திலும் வேலை பார்க்கும் இளைஞர்கள், கொழும்பில் வணிகக் கட்டடங்களில் முதலிடும் நிறுவனங்களுக்கு ஆய்வாளராகச் செல்ல என்ன படிக்க வேண்டும் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். படிப்பு அவசியந்தான், ஆனால் அதற்கு முன்பாக உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரே ஒரு கட்டடத்தை எடுத்து, அதன் வருமானத்தையும் உரிமையையும் நிலத்தையும் முழுமையாக ஆராய்ந்து எழுதிப் பாருங்கள்.

முதற்படியாக, கீழே கடைகளும் மேலே அலுவலகமும் உள்ள ஒரு கட்டடத்தைத் தெரிவுசெய்து, நோக்கத்தை மறைக்காமல் சொல்லி, உரிமையாளரிடமும் கடைக்காரர்களிடமும் பேசுங்கள். மாத வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, திருத்த வேலைகளுக்கு யார் பணம் கொடுக்கிறார், கடைசியாக ஒரு கடை எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு. மூன்று கடைகள் மாதம் 40,000 ரூபாய் வீதமும், மேல்மாடி 80,000 ரூபாயும் வாடகை தருவதாக வைத்துக்கொள்வோம். வருட வாடகை 24 இலட்சம். கடை வெறுமையாகக் கிடக்கும் காலத்துக்காக 5 வீதத்தை, அதாவது 1,20,000 ரூபாயைக் கழியுங்கள். சோலைவரி, காப்புறுதி, திருத்தம், காவல் ஆகியவற்றுக்கு 4,80,000 ரூபாய் போனால், எஞ்சும் தேறிய வருமானம் 18 இலட்சம். முதலீட்டாளர் தான் போடும் பணத்துக்கு வருடம் 9 வீத வருவாயை எதிர்பார்த்தால், 18 இலட்சத்தை 9 வீதத்தால் வகுக்க, கட்டடத்தின் பெறுமதி 2 கோடி. 10 வீதம் எதிர்பார்த்தால் 1 கோடி 80 இலட்சம். வாடகையில் ஒரு சதமும் மாறாதிருக்க, எதிர்பார்ப்பில் ஏற்பட்ட ஒரு வீத மாற்றம் 20 இலட்சத்தைக் குறைத்துவிட்டது. 2022 இல் அரசாங்கம் குறுகிய காலக் கடன் பெற விற்கும் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியபோது, 9 வீதம் தரும் கட்டடத்தை யார் வாங்குவார் என்று எண்ணிப் பாருங்கள். வட்டி வீதத்தை இத்துறையினர் ஏன் அன்றாடம் கவனிக்கிறார்கள் என்பது அப்போது விளங்கும். இந்தக் கணக்கை எக்செல்லில் நீங்களே, பிறர் செய்த படிவத்தை நிரப்பாமல், வெற்றுத் தாளிலிருந்து கட்டியெழுப்ப வேண்டும்.

மூன்றாவதாகக் காணி உறுதியை வாசியுங்கள். நொத்தாரிசு ஒருவரின் உதவியுடன் மாவட்டக் காணிப் பதிவகத்தில் கடந்த 30 வருடப் பதிவுகளைத் தேடி, கைமாற்றங்களையும் ஈடுகளையும் வரிசைப்படுத்துங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, உறுதியிலுள்ள அளவையும் நில அளவைப் படத்தையும் ஒப்பிடுங்கள். நிலம் சொந்தமா குத்தகையா என்பதில் மலையகத்தவர் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்; குத்தகையாயின், எஞ்சியுள்ள வருடங்களே பெறுமதியைத் தீர்மானிக்கும்.

நிலத்தையும் நேரில் பாருங்கள். என் முதல் ஆய்வில் நான் உறுதியைக் கருத்தாக வாசித்தேன். மண்ணைப் பார்க்கத் தவறினேன். கட்டடத்தின் பின்னால் செங்குத்தாக வெட்டப்பட்ட மண்மேடு இருந்தது. பின்கடையில் அரிசி மூட்டைகள் தரையில் படாமல் பலகைகள்மீது அடுக்கப்பட்டிருந்ததையும், சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு உரிந்திருந்ததையும் கண்ட பின்னும், காரணம் கேட்கவில்லை. அடைமழையில் சுவர் வழியே நீர் ஊறி, அந்தக் கடைக்காரர் வெளியேறியபோதுதான் என் வருமானக் கணக்கு எவ்வளவு தவறானது என்று உணர்ந்தேன். மலைச்சரிவில் கட்டடம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்க்காமல் எந்தப் பெறுமதியையும் எழுதாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு பாடநெறி பற்றி யோசிக்கலாம். ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் சொத்து முகாமைத்துவமும் மதிப்பீடும் பட்டப்படிப்பாகவே உள்ளன. கணக்கியல் அடிப்படை உள்ளவர்கள், கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட சொத்து நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளை வாசித்து, வாடகை வருமானத்தையும் கட்டடப் பெறுமதியில் காட்டப்படும் ஏற்றத்தையும் பிரித்தறியப் பழகலாம். இரண்டும் இலாபக் கணக்கில் அருகருகே வந்தாலும், முன்னையது மட்டுமே கையில் வரும் காசு.

விண்ணப்பிக்கும்போது சுயவிவரத்துடன் உங்கள் கட்டட ஆய்வை மூன்று பக்கங்களில், தெளிவான ஆங்கிலத்தில் இணையுங்கள். இத்துறையின் அறிக்கைகள் பெரும்பாலும் அம்மொழியிலேயே எழுதப்படுகின்றன. நேர்முகத்தில் 9 வீதத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கடைத்தெருவின் வாடகை, பூட்டிக் கிடந்த மாதங்கள், பின்னாலுள்ள சரிவு ஆகியவற்றைக் காட்டி விடை சொல்லும் வகையில் உங்கள் குறிப்புப் புத்தகத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.